கிரீச்சிடும் பொம்மைப் புகையிரதம்: பழுது எங்கே?



பக்கத்து வீட்டு ராத்தா ஒருநாள் சீலைத் துண்டில் சுற்றிய சாமானொன்றைக் கொண்டு வந்தார். உள்ளே மின்சாரத்தில் ஓடும் சிறிய புகையிரத எஞ்சின். "வீசிப் போடவும் மனசு வருதில்ல தங்கச்சி. மகன்ட வாப்பா சவூதியிலிருந்து லீவில வந்த நேரம் கொண்டாந்தது. மூணு மாசமா கிரீச் கிரீச்சென்டு கத்திச்சு. நான்தான் தேங்காயெண்ணெய் விட்டேன். இப்ப ஓடுதும் இல்ல" என்றார். ஒன்பது வயது மகன் வாசலிலேயே நின்றுகொண்டான். உம்மாவோடு கோபம்.

இதெல்லாம் ஆண்களின் வேலை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். தையல் மெசினின் சத்தம் மாறினால் அது எண்ணெய் கேட்கிறதா, நூல் சிக்கியிருக்கிறதா என்று காதாலேயே கண்டுபிடிப்பவர்கள் நாம். அதே காது இதற்கும் போதும். பற்சில்லும் நமக்கு அந்நியமானதல்ல. அல்ஜஸரீ என்ற முஸ்லிம் பொறியியலாளர் 1206ஆம் ஆண்டிலேயே நீர் இறைக்கும் இயந்திரங்களில் பற்சில்லுகள் இயங்கும் விதத்தைப் படம் வரைந்து விளக்கியிருக்கிறார்.

எஞ்சினுக்குள் இருப்பது இவ்வளவுதான். 12 வோல்ட்டில் சுழலும் சிறிய மோட்டர். அதன் தண்டில் திருகாணி போன்ற ஒரு சில்லு. அதை 'வோர்ம்' என்பார்கள். அது ஒரு சுற்றுச் சுற்றினால் அடியிலுள்ள பற்சில்லு ஒரு பல் மட்டுமே நகரும். சில்லில் 30 பல் இருந்தால் மோட்டர் 30 சுற்றுச் சுற்றித்தான் சக்கரம் ஒருமுறை உருளும். மோட்டர் அத்தனை வேகமாகச் சுழல்வதால் சிறு தூசியும் பெரிய சத்தமாகக் கேட்கிறது.

முதலில் கேட்க வேண்டும், பிறகுதான் கழற்ற வேண்டும். எஞ்சினை மடித்த துவாயின் மேல் மல்லாக்க வைத்து, கொன்ட்ரோலரின் இரு வயர்களையும் இரு பக்கச் சக்கரங்களில் தொட்டு ஓட்டிப் பாருங்கள். (தொடுவது 12 வோல்ட் வரும் வயரை மட்டுந்தான். சுவரில் செருகும் பக்கத்தைப் பிள்ளைகள் நெருங்கக் கூடாது.) வேகம் கூடக்கூட 'கிரீச்' என்ற மெல்லிய ஓசை எழுந்தால் மோட்டர் தண்டைத் தாங்கும் பெயாரிங் காய்ந்திருக்கிறது. முன்னே போகும்போது அமைதி, பின்னே வரும்போது மட்டும் உறுமல் என்றால் வோர்ம் தன் இடத்தில் முன்பின்னாக ஆடுகிறது. மெல்லிய வொஷர் ஒன்று போட்டால் பெரும்பாலும் அடங்கும். ஓயாத கரகரப்புக்குக் காரணம் அழுக்கு, காய்ந்த கிறீஸ், அல்லது மோட்டரின் ஸ்க்றூ தளர்ந்து பற்கள் சரியாகப் பொருந்தாமை. பற்கள் இறுகக் கடிக்கவும் கூடாது. ஒரு சில்லைப் பிடித்துக்கொண்டு மற்றதை அசைத்தால் ஒரு மயிரளவு ஆட வேண்டும்.

இன்னும் சந்தேகமென்றால் மோட்டரைத் தனியே எடுத்து ஓட்டுங்கள். அது அமைதியாகச் சுழன்றால் குற்றம் பற்சில்லில்தான்.

ராத்தாவின் எஞ்சினைத் திறந்தபோது தேங்காயெண்ணெய் பிசினாகி, அதில் கார்ப்பட்டின் தும்பும் தலைமயிரும் அச்சில் நூல்போல் சுற்றியிருந்தன. தரையில் விரித்த கார்ப்பட்டின் மேல் தண்டவாளம் போட்டதன் பலன்! தேங்காயெண்ணெய் சமையலுக்கு உகந்தது, இயந்திரத்துக்கு ஆகாது. நாளடைவில் பசையாகிவிடும். நுவரெலியாப் பக்கம் போத்தலில் உறைந்தே கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெற்றோலும் தின்னரும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், தொடவே வேண்டாம்.

ஒரு தட்டில் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் கழற்றினோம். சிறு ஸ்க்றூ உருண்டு போனால் கைக்குழந்தையின் வாய்க்குத்தான் போகும். தும்பை ஊசிமுனையால் இழுத்தெடுத்து, பழைய பல்துலக்கியை ஸ்பிரிட்டில் தோய்த்துப் பற்சில்லுகளைத் தேய்த்தோம். வெளிப்பூச்சில் ஸ்பிரிட் பட்டால் நிறம் போய்விடும், கவனம். நன்றாகக் காய்ந்த பிறகு பெயாரிங் இரண்டுக்கும் ஊசிமுனையால் ஒவ்வொரு சிறு துளி தையல் மெசின் எண்ணெய். பற்களுக்கு, பிளாஸ்டிக்குக்குத் தீங்கு செய்யாதது என்று டியூபில் எழுதியிருக்கும் வெள்ளைக் கிறீஸ், அரிசிமணி அளவு. நம் பெண்களுக்கு எதிலும் கை தாராளம். இங்கே அது வேண்டாம். கூடின எண்ணெய் மோட்டருக்குள் வழிந்து கரித்துண்டுகளில் பட்டால் மோட்டரே கெட்டுவிடும்.

பிறகு மெதுவாக முன்னுக்கு அரை மணி நேரம், பின்னுக்கு அரை மணி நேரம் ஓடவிட்டோம். கிரீச் சத்தம் நின்றது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் 'டிக்... டிக்...' என்று ஒன்று மிஞ்சியது. சக்கரத்தின் ஓரத்தில் பேனையால் புள்ளி வைத்துப் பார்த்தோம். புள்ளி மேலே வரும் ஒவ்வொரு முறையும் ஒரு டிக். வாசலில் நின்றவன் எப்போது உள்ளே வந்தான் தெரியாது, எண்ணியது அவன்தான்.

சுற்றுக்கு ஒன்று என்றால் அச்சிலுள்ள பற்சில்லில்தான் கோளாறு. உலோக அச்சில் இறுக்கி ஏற்றிய பிளாஸ்டிக் சில்லு வருடங்கள் போகப் போகச் சுருங்கி மயிரிழையாக வெடிக்கும். வெடித்த இடத்தில் இரு பற்களுக்கிடையே இடைவெளி கூடி, வோர்ம் அங்கே இடறும். ஒட்டலாமே என்று ராத்தா கேட்டார். இந்தச் சில்லுகள் செய்யும் வழுக்கும் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் நிலைக்காது. புதிதுதான் போட வேண்டும். அதுவரை ஓட்டினால் மற்றப் பற்களும் தேயும்.

சில்லின் பற்களை மகன் இரண்டு முறை எண்ணினான். அச்சின் தடிப்பையும் சில்லின் விட்டத்தையும் மில்லிமீற்றரில் அளந்து, எஞ்சினின் அடியிலிருந்த இலக்கத்தோடு சேர்த்து ஒரு தாளில் எழுதி, அன்றிரவே வாப்பாவுக்குப் படம் பிடித்து அனுப்பினார்கள். அடுத்த லீவில் வரும்போது இன்ஷா அல்லாஹ் இரண்டு சில்லுகள் கொண்டு வருவாராம். ஒன்று கைவசம் இருக்கட்டும் என்று மகன்தான் சொன்னானாம்.