ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயமா?



திருவிழா மேடையில் கோமாளி பெண்களைப் பற்றி இரட்டை அர்த்தத்தில் பேசுவார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். நாமும் முந்தானையால் வாயைப் பொத்திக்கிட்டு சிரிப்போம். அதே விஷயத்தை ஒரு பெண் மைக் பிடித்துப் பேசினால்? "இவளுக்கு வெட்கமே இல்லையா?" என்று கேட்போம்.

இப்போது பெண்களும் தனியாக மேடையேறி நகைச்சுவையாகப் பேசுகிறார்கள். இதற்கு ஸ்டாண்ட்அப் காமெடி என்று பெயர். நம்ம பட்டிமன்றம் மாதிரிதான், ஆனால் அணியும் இல்லை, நடுவரும் இல்லை. மும்பையைச் சேர்ந்த அதிதி மிட்டல், கடையில் நாப்கின் வாங்க நாம் கூச்சப்படுவதைப் பற்றிப் பேசியே சிரிக்க வைக்கிறார். 2017-ல் வந்த அவருடைய நிகழ்ச்சியின் தலைப்புக்கு, 'என்னைப் பேச விடாத விஷயங்கள்' என்று அர்த்தம்.

பேசினால் என்ன நடக்கும்? நடிகை குஷ்புவைக் கேட்டால் தெரியும். 2005-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், கல்யாணத்துக்கு முன் உறவு வைத்தால் கர்ப்பமும் நோயும் வராமல் பெண்கள் பாதுகாத்துக்கொள்ள வேண்டும் என்றார். படித்த ஆண், தன் மனைவி கன்னியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்றும் சொன்னார். உடனே துடைப்பமும் செருப்புமாகப் போராட்டம். இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். ஐந்து வருஷம் அலைந்த பிறகு, 2010 ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றம் எல்லா வழக்கையும் தள்ளுபடி செய்தது. கருத்துச் சொல்வது குற்றம் ஆகாது என்றது.

சட்டத்திலும் இந்தப் பாரபட்சம் இருந்தது. இந்திய தண்டனைச் சட்டம் 497-வது பிரிவின்படி, மனைவியோடு உறவு வைத்தவன் மேல் கணவன் வழக்குப் போடலாம். தன் கணவன் தப்பு செய்தால் மனைவி அப்படி வழக்குப் போட முடியாது. மனைவியைக் கணவனின் சொத்து மாதிரி நினைத்த சட்டம் அது. 2018 செப்டம்பர் 27-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

சட்டம் மாறிவிட்டது. வீடு மாறியதா? குடும்பக் கட்டுப்பாட்டையே பாருங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் திருமணமான பெண்களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு சுமார் 38 பேர். இந்த முறையில், ஆண் ஆபரேஷன் செய்துகொண்ட தம்பதிகள் ஆயிரத்துக்கு 3 பேர்தான். ஆனால் ஆண்களுக்கான ஆபரேஷன்தான் சுலபம். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆண்மை குறையாது. சுமார் மூன்று மாதம் மட்டும் ஆணுறை பயன்படுத்தி, பிறகு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

* வயசுக்கு வந்த பெண்ணுக்கு மட்டும் புத்தி சொல்லாமல், பையனுக்கும் சொல்லுங்கள்.
* மகள் உடம்பைப் பற்றிச் சந்தேகம் கேட்டால் அதட்டாதீர்கள். நாம் சொல்லாததை வேறு யாராவது தப்பாகச் சொல்லிக் கொடுப்பார்கள்.
* ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றி யாராவது பேசினால், "இதே காரியத்தை ஆண் செய்தால் இப்படிப் பேசுவீங்களா?" என்று கேளுங்கள்.

கோவில்பத்து குழுக்கள் அடுத்த கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்ததும் இதைப் பற்றிப் பேசுங்கள். சிரிச்சுக்கிட்டே பேசினாலும் பரவாயில்லை, பேசுவதுதான் முக்கியம்.