புதுக் கணிப்பொறி விழிக்க மறுத்தால்...

கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூரில் உங்கள் வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆற்றுப் பாலத்தைக் கடந்து தஞ்சாவூரிலிருந்து புதுக் கணிப்பொறி ஒன்று வந்து இறங்குகிறது. நெல் விற்ற பணத்தில் வாங்கியது. கம்பிகளைச் செருகிப் பொத்தானை அழுத்துகிறீர்கள். உள்ளே மின்விசிறி சுற்றுகிறது; திரையோ இருட்டாகவே இருக்கிறது. "மதர்போர்டு போய்விட்டது" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "கடைக்காரன் பழையதைத் தலையில் கட்டிவிட்டான்" என்கிறார் சித்தப்பா. அந்தப் பொறி எதுவரை விழித்தது, எங்கே நின்றது என்று இருவருமே பார்க்கவில்லை. நாம் பார்ப்போமா?

கணிப்பொறி விழிப்பதைப் 'பூட்' ஆவது என்கிறார்கள். காலணியின் பின்புற வாரைப் பிடித்து இழுத்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது என்ற ஆங்கில வழக்கிலிருந்து வந்த சொல் அது. தன் தோளில் தானே ஏறி நிற்பது போன்ற காரியம்! ஏன் அப்படி? மின்சாரம் நின்றதும் ராம் என்னும் தற்காலிக நினைவகம் வெறுமையாகிவிடும். அதில் ஒரு நிரலை ஏற்ற வேண்டுமானால், ஏற்றுவதற்கே ஒரு நிரல் வேண்டும். அந்த முதல் நிரலை யார் ஏற்றுவது? 1975இல் வந்த ஆல்டேர் 8800 என்ற சிறு கணிப்பொறியில் மனிதர்தான் ஏற்றினார். முன்புறச் சுவிட்சுகளை மேலும் கீழுமாகத் தட்டி, ஒவ்வோர் எண்ணாக உள்ளே புகட்ட வேண்டும். ஒரு சுவிட்சு தவறினாலும் நிரல் கெட்டுவிடும்!

இன்று அந்த வேலையை மதர்போர்டில் பதித்த ஒரு சில்லு செய்கிறது. மின்சாரம் நின்றாலும் அதிலுள்ள நிரல் அழியாது. 1981இல் வந்த ஐ.பி.எம். கணிப்பொறியில் அதற்குப் பயாஸ் என்று பெயர். இப்போதைய பொறிகளில் இருப்பது அதன் வாரிசான யூ.இ.எஃப்.ஐ.

நீங்கள் பொத்தானை அழுத்தியதும் நடப்பது ஓர் அஞ்சல் ஓட்டம். முதலில் ஓடுவது மின்வழங்கிப் பெட்டி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக்கி, அது நிலைபெற்றதும் 'மின்சாரம் சரி' என்று ஒரு சைகை அனுப்பும். அரை வினாடிக்குள் நடக்கும் இந்தச் சைகை வராமல் செயலி அசையாது. வந்ததும் அது சில்லிலுள்ள முதல் கட்டளையைப் படிக்கும். அந்த நிரல் நினைவகம், திரை, விசைப்பலகை ஆகியவற்றைச் சோதிக்கும். பிறகு வட்டைத் தேடி, இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கோல் யார் கையில் நின்றது என்பதுதான் நமக்கு வேண்டிய துப்பு.

விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை என்றால் முதல் ஆளே ஓடவில்லை. அதே பிளக்கில் ஒரு மேசை விளக்கைப் போட்டுப் பாருங்கள். பெட்டியின் பின்புறம் ஒரு சிறு சுவிட்சு இருக்கும்; புதுப் பொறி 'செத்துவிட்டது' என்று வரும் புகார்களில் இந்தச் சுவிட்சுக்கும் பங்கு உண்டு.

விசிறி சுற்றியும் திரை இருண்டிருப்பதுதான் நம் கதை. உடனே பெட்டியைத் திறக்காதீர்கள். தனி கிராபிக்ஸ் அட்டை உள்ள பொறியில், திரையின் கம்பியை அந்த அட்டையில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருக்கலாம். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. டி.டி.ஆர்.5 வகை நினைவகம் உள்ள பொறி முதன்முறை விழிக்கும்போது, செயலியும் நினைவகமும் ஒன்றுக்கொன்று நேரம் கணித்துப் பழகிக்கொள்கின்றன. இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அதுவரை திரை இருட்டுதான். பொறுமை இழந்து அணைத்தால் பழக்கம் மறுபடி தொடங்கும். ஆகவே கால் மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள்.

அப்படியும் விழிக்கவில்லையா? வந்த வழியை நினையுங்கள். சுமை லாரிகள் ஓடும் சாலைக் குலுக்கலில் ராம் அட்டை தன் பள்ளத்திலிருந்து இம்மியளவு நழுவியிருக்கலாம். 'பீப்' ஒலி கேட்டால் எத்தனை முறை, நீளமா குட்டையா என்று குறித்துக்கொள்ளுங்கள். பொருள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். கூட வந்த கையேட்டில் இருக்கும். பல மதர்போர்டுகளில் செயலி, நினைவகம், திரை, வட்டு ஆகிய நான்குக்கும் தனித்தனியே குட்டி விளக்குகள் உண்டு. எது அணையாமல் எரிகிறதோ, அங்கே கோல் நிற்கிறது.

பெட்டியைத் திறப்பதற்கு முன் உத்தரவாத முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கை வைக்க வேண்டாம், கடைக்காரரே வரட்டும். முத்திரை இல்லையென்றால் வீட்டுப் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கி, பொத்தானைச் சில வினாடிகள் அழுத்தி எஞ்சிய மின்னூட்டத்தை வெளியேற்றுங்கள். பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, ராமைக் கழற்றி, 'டக்' என்று இரு முனையும் பொருந்துமாறு திரும்பச் செருகுங்கள். உலோகத்தைத் தொடுவது சடங்கு அல்ல. நம் உடலில் சேரும் நிலைமின்சாரம் 3,000 வோல்ட்டை எட்டும்போதுதான் நமக்குச் சுரீரென்கிறது. சில்லுகளைக் கெடுக்க அதில் மிகச் சிறு பங்கே போதும்.

மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். 230 வோல்ட் என்பது சராசரிக் கணக்கு, அதை 1.414ஆல் பெருக்கினால் உச்சம் சுமார் 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த அளவு மின்னழுத்தம் உள்ளேயுள்ள மின்தேக்கியில் காத்திருக்கக்கூடும்.

கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று எழுத்து வந்தால் மகிழுங்கள்! எழுத்து வருகிறதென்றால் செயலி, நினைவகம், திரை மூன்றும் நலம். ஏற்ற வேண்டிய இயங்குதளம்தான் அகப்படவில்லை. வட்டின் கம்பி தளர்ந்திருக்கலாம். இல்லை, விலை குறைய வேண்டுமென்று இயங்குதளமே இல்லாமல் விற்றிருக்கலாம், பில்லைப் பாருங்கள். அப்படியானால் சென்னை சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளத்தை நீங்களே ஏற்றிக்கொள்ளலாம்.

விண்டோஸ் முத்திரை தோன்றித் தோன்றி மறைந்தால் கோளாறு பெரும்பாலும் மென்பொருளில். 2024 ஜூலை 19 அன்று உலகமே இதைப் பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பால் சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் விழிக்க முயன்று விழுந்துகொண்டே இருந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வன்பொருளில் ஒரு திருகுகூடப் பழுதில்லை. பொறியைப் பாதுகாப்பு நிலையில் எழுப்பி, அந்த ஒரே கோப்பை நீக்கியதும் பொறிகள் எழுந்துகொண்டன.

இனிக் கடைக்குத் தொலைபேசலாம். "ஓடவில்லை" என்று மட்டும் சொன்னால், "பொறியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள்" என்பார். மறுபடி அதே சாலை, அதே குலுக்கல். "விசிறி சுற்றுகிறது, கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தோம், நினைவக விளக்கு அணையவே இல்லை" என்று சொல்லுங்கள். பழுது பார்ப்பவர் பையில் ஒரு ராம் அட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார்.