பாஸ்போர்ட்டின் அடியில் இரண்டு வரி

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அண்ணாச்சியும் மயினியும் நடையேறி வந்தார்கள். அண்ணாச்சி கையில் ஒரு துணிப்பை. உள்ளே இரண்டு பாஸ்போர்ட், கண்ணாடிக் கூடு, மருமகன் எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதம். குமரி முனைக்குப் பக்கத்துக் கொட்டாரத்தில் ஒரே தெருவில் பல வருஷமாக இருக்கிறோம். அவர்கள் இப்படிப் பையோடு வந்து உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை.

"தம்பி, நாங்க ரெண்டு பேரும் வியட்நாம் போறோம். கொச்சியில இருந்து நேரா பிளேனாம். டிக்கெட்ட மருமவன் எடுத்தாச்சு. விசாவ மட்டும் நீங்களே ஆன்லைன்ல போட்டுக்கிடுங்கன்னு சொல்லுதான். எங்களுக்கு ஒண்ணும் பிடிபடல்ல."

"போன்ல தேடினா ஒருத்தன் ஆளுக்கு எட்டாயிரம் கேக்கான்" என்றார் மயினி.

இஞ்சி தட்டிப் போட்ட சாயாவும் ஏத்தங்காய் உப்பேரியும் வந்தன. அன்று அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். முதல் தடவை வெளிநாடு போகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான்.

விசா என்பது ஒரு நாடு தரும் முன் அனுமதி. முன்பெல்லாம் அதற்காகப் பாஸ்போர்ட்டையே தூதரகத்துக்கு அனுப்பிக் காத்திருப்போம். ஒரு பக்கத்தில் விசாவை ஒட்டித் திருப்பித் தருவார்கள். மின்விசாவில் பாஸ்போர்ட் வீட்டை விட்டு நகராது. நாம் நிரப்பும் விவரங்கள் அந்த நாட்டின் கணினியில் நம் பாஸ்போர்ட் எண்ணோடு சேர்த்துப் பதிவாகின்றன. நமக்கு மின்னஞ்சலிலோ தளத்திலோ கிடைக்கும் தாள் அந்தப் பதிவுக்கு அடையாளம், அவ்வளவுதான். தாளில் ஓர் எழுத்து மாறியிருந்தால் பதிவிலும் மாறியிருக்கிறது என்று பொருள். அதனால்தான் படிவத்தை நிதானமாக நிரப்ப வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வியட்நாம் 2017 பிப்ரவரியில் மின்விசாவைச் சோதனை முறையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரை தருகிறது. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை போய்வர 50 டாலர். ஒருமுறைக் கட்டணம் நம் பணத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம். மயினியிடம் எட்டாயிரம் கேட்டது அரசு இல்லை, நடுவில் நிற்கும் ஒரு தரகுத் தளம். தேடலில் அதுதான் முதலில் வந்திருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் கட்டியவர் மேலே வருவார். மேலே வந்ததாலேயே அது அரசின் தளம் ஆகிவிடாது.

அரசின் தளத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்த சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள கடைசித் துண்டைப் பாருங்கள். நம் அரசுத் தளங்கள் 'ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.' என்று முடியும். வியட்நாமுக்கு 'ஜி.ஓ.வி. புள்ளி வி.என்.', இலங்கைக்கு 'ஜி.ஓ.வி. புள்ளி எல்.கே.'. கொடியும் முத்திரையும் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். முகவரியின் நடுவில் 'கவ்' என்றும் 'விசா' என்றும் சேர்த்துக்கொள்ளலாம். முடிவில் உள்ள அரசுக்குரிய துண்டை மட்டும் கண்டவர்கள் எடுத்துக்கொள்ள முடியாது. சந்தேகம் இருந்தால் அந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்துக்குப் போய், அங்கே கொடுத்திருக்கும் இணைப்பின் வழியாக நுழையுங்கள்.

இனிப் பெயர். தமிழர்களுக்கு இதுதான் பெரிய சங்கடம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு நம் பெயரை எழுதுவோம். அப்பா சிவதாணு, மகன் நாகராஜன் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் எஸ். நாகராஜன். வங்கியில் நாகராஜன் எஸ். பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் சிவதாணு, கிவன் நேம் என்ற இடத்தில் நாகராஜன். ஊரில் மூன்றும் ஒரே ஆள்தான். வெளிநாட்டுக் கணினிக்கு அவை மூன்று ஆட்கள். அந்தக் கணினிக்குத் தெரிந்தவர் பாஸ்போர்ட்டில் இருக்கும் ஆள் மட்டும்தான்.

அண்ணாச்சியின் பாஸ்போர்ட்டைத் திறந்து, படம் இருக்கும் பக்கத்தின் அடியைக் காட்டினேன். அங்கே இரண்டு வரி இருக்கும், ஒவ்வொன்றிலும் 44 இடங்கள். முதல் வரி 'பி' என்ற எழுத்தில் தொடங்கி, ஐ.என்.டி. என்று நாட்டைச் சொல்லி, பிறகு பெயரைச் சொல்லும். முதலில் சர்நேம், அடுத்து அம்பு முனை போல இரண்டு குறிகள், அப்புறம் நம் சொந்தப் பெயர். உலகத்து விமான நிலையங்களில் இருக்கும் பொறி வாசிப்பது இந்த இரண்டு வரியைத்தான். நாம் யார் என்று அந்தப் பொறிக்கு எப்படித் தெரிகிறதோ, படிவத்திலும் அப்படியே எழுத வேண்டும். லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் 'எக்ஸ்' போட்டும் எழுதலாம், 'கே.எஸ்.எச்.' போட்டும் எழுதலாம். பாஸ்போர்ட்டில் எது இருக்கிறதோ அதுவே சரி. விமான டிக்கெட்டுக்கும் இதே விதிதான்.

மயினியின் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் வெறுமையாக இருந்தது. பழைய பாஸ்போர்ட்டுகளில் இது சகஜம். இதற்கு எல்லா நாட்டுக்கும் பொதுவான வழி கிடையாது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று பின்னர் தெளிவுபடுத்தியது. வளைகுடாவுக்கு உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள், அவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் படிவத்தின் விளக்கக் குறிப்பில் அதற்கு என்ன சொல்லியிருக்கிறது என்று முதலில் வாசியுங்கள். நாமாக ஒரு பெயரை உண்டாக்கி நிரப்பக் கூடாது. அடிக்கடி வெளிநாடு போகிறவர்கள் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது பெயரை இரண்டாகப் பிரித்துப் பதிந்துகொள்வது நல்லது.

பெயருக்கு அடுத்து எண். இந்தியப் பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஓர் எழுத்து, பிறகு ஏழு இலக்கங்கள். ஆகவே முதல் இடத்தைத் தவிர வேறெங்கே வட்டமாக ஒன்றைப் பார்த்தாலும் அது பூஜ்யம்தான், ஆங்கில 'ஓ' இல்லை. இது தெரியாமல் தப்பாக அடிக்கிறவர்கள் நிறைய. தேதியில் நாள் முன்னால் வருமா, மாதம் முன்னால் வருமா என்று கட்டத்துக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஏப்ரல் 7 என்பது ஜூலை 4 ஆகிவிடக் கூடாது. பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதியையும் பாருங்கள். போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது மீதி இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன.

"படம் எடுக்க ஸ்டுடியோவுக்குப் போகணுமா?" என்று கேட்டார் மயினி. போனிலேயே எடுக்கலாம். வெளிறிய சுவர் பின்னால் இருக்கட்டும், கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேராகப் பாருங்கள், முகத்தில் நிழல் விழ வேண்டாம். பாஸ்போர்ட் பக்கத்தைப் படம் எடுக்கும்போது நான்கு மூலையும் தெரிய வேண்டும். முக்கியமாக அந்த இரண்டு வரியும் முழுதாகத் தெரிய வேண்டும். பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு எடுத்தால் பளபளப்பு விழாது.

எந்த நாள் நுழைவோம், எந்த நாள் திரும்புவோம், எந்த விமான நிலையம், எங்கே தங்குவோம் என்றெல்லாம் படிவம் கேட்கும். விசா நீங்கள் சொல்லும் நாளிலிருந்துதான் தொடங்கும். விமானம் நள்ளிரவுக்கு முன் இறங்குமா பின் இறங்குமா என்று டிக்கெட்டைப் பார்த்துத் தேதி போடுங்கள். ஒரு நாள் முந்தி இறங்கினால் விசா கையில் இருந்தும் உள்ளே போக முடியாது.

பணம் கட்டுவது கடைசிப் படி. நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் மூடியே இருக்கும். 2020 மார்ச் முதல் புதிய அட்டைகளை உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நம் பாதுகாப்புக்குச் செய்த ஏற்பாடு அது. வங்கிச் செயலியில் அதைத் திறந்து, ஒரு வரம்பு வைத்து, பணம் போனதும் திரும்ப மூடிவிடுங்கள். பணம் கட்டுவதற்கு முன் ஒருவர் பாஸ்போர்ட்டை வாசிக்க, இன்னொருவர் திரையைப் பார்க்க, முழுப் படிவத்தையும் சரிபாருங்கள். விசா மறுக்கப்பட்டாலும் தப்பாக நிரப்பினாலும் கட்டிய பணம் திரும்பாது. பதிவு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள், பிறகு நிலையை அறிய அதுதான் வேண்டும்.

வியட்நாமில் மூன்று வேலை நாளில் முடிவு சொல்வதாக விதி. சனி, ஞாயிறும் அந்த நாட்டு விடுமுறைகளும் அதில் சேராது. ஜனவரி, பிப்ரவரியில் வரும் அவர்களுடைய புத்தாண்டுக்கு அலுவலகங்கள் பல நாள் மூடியிருக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். விசா வந்ததும் பெயர், எண், தேதி மூன்றையும் மறுபடி ஒத்துப் பார்த்து, இரண்டு பிரதி அச்செடுத்து வையுங்கள். உங்களை முதலில் சோதிக்கப்போவது வியட்நாம் அதிகாரி இல்லை, கொச்சியில் விமான நிறுவனத்தின் ஊழியர். விசா சரியில்லாத பயணியை அந்த நாடு திருப்பி அனுப்பினால் அவரைக் கொண்டுவந்து சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. அதனால் அவர்கள் கண்டிப்பாகவே பார்ப்பார்கள். போய் இறங்கியபின் உள்ளே விடுவதா என்று முடிவு செய்பவர் அங்குள்ள குடிவரவு அதிகாரி. திரும்பி வரும் டிக்கெட்டும் தங்கும் இடத்தின் பதிவும் கையில் இருக்கட்டும்.

"எங்க மச்சான் போன வருஷம் இலங்கைக்குப் போனானே, அவங்கிட்ட கேட்டா போதாதா?" என்றார் அண்ணாச்சி.

போதாது என்பதற்கு அந்த இலங்கையே சாட்சி. 2012 ஜனவரியில் அங்கே மின்னணுப் பயண அனுமதி வந்தது. 2023 நவம்பர் முதல் 2024 மார்ச் முடிய இந்தியா உள்ளிட்ட ஏழு நாட்டவருக்குக் கட்டணம் இல்லை என்றார்கள். 2024 ஏப்ரல் 17 அன்று பழைய முறையை நிறுத்தி, வெளி நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்றிடம் வேலையைக் கொடுத்தார்கள். சேவைக் கட்டணங்கள் சேர்ந்தன, கட்டுநாயக்க விமான நிலையத்தில் வாக்குவாதம் மூண்டது, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆகஸ்ட் 2 அன்று நீதிமன்றம் புதிய முறைக்குத் தடை விதித்தது. செப்டம்பர் கடைசியில் பழைய முறை திரும்பியது. ஒரு வருஷத்துக்குள் இத்தனை மாற்றம். ஜனவரியில் போய்வந்தவர் சொன்னது ஜூனில் போகிறவருக்கு ஒத்துவராமல் போயிற்று. நீங்கள் போகிற வாரத்தில் அந்நாட்டு அரசின் தளத்தில் இருப்பதுதான் விதி.

விசாவே வேண்டாம் என்று சொல்லும் நாட்டிலும் ஒரு படிவம் இருக்கலாம். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை 30 நாளுக்கு விசா இல்லாமல் அனுமதித்தது. ஆனாலும் போய்ச் சேர்வதற்கு முந்தின மூன்று நாளுக்குள் மின்வருகை அட்டையை நிரப்ப வேண்டும். தாய்லாந்தும் 2025 மே 1 முதல் அப்படி ஓர் அட்டையைக் கேட்கிறது. இரண்டுமே இலவசம். இவற்றுக்குப் பணம் கேட்கும் தளத்தை உடனே மூடிவிடுங்கள்.

இது நமக்கு மட்டும் உள்ள தொல்லை என்று நினைக்க வேண்டாம். 2014 நவம்பர் 27 அன்று இந்தியா 43 நாட்டவருக்கு இதே போல இணையத்தில் விண்ணப்பிக்கும் விசா முறையைத் திறந்தது. முதலில் இணைந்த ஒன்பது விமான நிலையங்களில் நம் பக்கத்துத் திருவனந்தபுரமும் ஒன்று. குமரி முனையில் சூரிய உதயம் பார்க்க நிற்கும் வெளிநாட்டார் பலரும் இப்படியொரு படிவத்தைத் தங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்பிவிட்டு வந்தவர்கள்தான்.

எழுந்திருக்கும்போது இன்னொன்றையும் அண்ணாச்சியிடம் சொன்னேன். அது அவருக்கு இல்லை, தெருவில் வேலை தேடும் பிள்ளைகளுக்கு. சுற்றுலா விசா வேலை செய்வதற்கு இல்லை. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இளைஞர்களை எல்லை கடத்தி மியான்மரில் அடைத்து, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்தவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். "இப்ப டூரிஸ்ட் விசாவுல போ, அங்க போய் மாத்திக்கிடலாம்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை முறித்துக்கொள்ளுங்கள். வேலைக்கு அனுப்பும் முகவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

மயினிக்கு ஹோ சி மின் நகரத்து மாரியம்மன் கோயிலைப் பார்க்க வேண்டுமாம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே போன தமிழர்கள் எழுப்பிய கோயில். இன்றைக்கு வியட்நாம் மக்களும் வந்து கும்பிடுகிறார்கள். அண்ணாச்சிக்குச் சம்பா மன்னர்கள் மி சோனில் கட்டிய சிவன் கோயில்களைப் பார்க்க ஆசை. இரண்டுக்கும் போய்வர நாள் இருக்கிறது. அன்று இரவே படிவத்தை நிரப்பினோம். அண்ணாச்சி வாசித்தார், மயினி திரையைப் பார்த்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்குப் பயணம் எதுவும் இப்போது இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அலமாரியில் இருக்கும் பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அடியில் இருக்கும் இரண்டு வரியை எழுத்துக்கூட்டி வாசியுங்கள், முடியும் தேதியையும் பாருங்கள். பிழை இருந்தால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே திருத்திக்கொள்ளுங்கள்.