டயர் பெரிதானால் பல்லும் மாற வேண்டும்

பட்டான்செருவில் மும்பை நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள எங்கள் கிளையின் வாகனக் கடன் வாடிக்கையாளர்களில் கணிசமானோர் டிப்பர் உரிமையாளர்கள். லக்டாரம் பகுதியின் கல் உடைக்கும் ஆலைகளில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றி, 158 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலையைப் பிடித்து, ஐதராபாத்தின் கட்டுமான இடங்களில் இறக்கிவிட்டுத் திரும்புவது அவர்கள் தொழில். நாமக்கல், சங்ககிரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே குடியேறிவிட்ட தமிழர்களும் அவர்களுள் உண்டு.

அவர்களில் ஒருவர் ஒரு நாள் தவணையைத் தள்ளிவைக்க இயலுமா என்று கேட்டு வந்தார். ஒரு நாளும் தவணை தவறாதவர். காரணம் கேட்டபோது, ஏழு மாதத்தில் இரண்டாம் முறையாக கிளட்ச் பிளேட் கருகிவிட்டது என்றார். வேறு ஏதேனும் மாற்றினீர்களா என்று வினவினோம். “டயரைத்தான் சார் மாத்தினேன். இன்ஜின் பக்கமே போகல” என்றார். 10.00 அளவு டயர் இருந்த பத்துச் சக்கர வண்டிக்கு, யாரோ விற்ற 12.00 அளவு டயர்களை ரிம்மோடு வாங்கிப் பூட்டியிருந்தார். குவாரிப் பாதையின் கற்களில் வண்டியின் அடிப்பாகம் இடிக்காமல் இருக்கும் என்பது அவர் எண்ணம்.

வணிகவியல் படித்த எங்களுக்கும் அன்று அதன் பொருள் விளங்கவில்லை. கிளையின் மதிப்பீட்டாளரும் அருகிலுள்ள மெக்கானிக் ஒருவரும் விளக்கியபின், இது வட்டிக் கணக்கைவிட எளிய கணக்கு என்று தெரிந்தது. டிப்பர், ஜீப், டிராக்டர் என எதற்குக் கடன் வாங்கியவராயினும் இதை அறிந்திருப்பது நல்லது.

பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தெரியும் உறைக்குள் இரண்டு பற்சக்கரங்கள் உள்ளன. ஜாயின்ட் ஷாஃப்டின் முனையில் இருக்கும் சிறியது பினியன். அதனோடு பொருந்திச் சுழலும் பெரியது கிரௌன். கிரௌனில் 41 பற்களும் பினியனில் 7 பற்களும் இருந்தால் பட்டறையில் ‘41/7’ என்பார்கள். வகுத்தால் 5.86. ஷாஃப்ட் 5.86 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். இந்த எண் பெரிதாக இருந்தால் இழுவை அதிகம், வேகம் குறைவு. சிறிதாக இருந்தால் வேகம் அதிகம், இழுவை குறைவு.

சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தொலைவு டயரின் விட்டத்தைப் பொறுத்தது. 10.00 ஆர்20 டயரின் விட்டம் ஏறத்தாழ 1,053 மில்லிமீட்டர், 12.00 ஆர்20 டயருக்கு ஏறத்தாழ 1,123. வேறுபாடு 70 மில்லிமீட்டர், அதாவது 6.6 விழுக்காடு. சைக்கிளில் பெரிய சக்கரம் மாட்டினால் மிதிப்பது கடினமாவதைப் போல, எஞ்சின் அதே விசையைத் தந்தாலும் சக்கரம் தரையைத் தள்ளும் விசை சுமார் 6.2 விழுக்காடு குறைந்துவிடுகிறது. யாரும் பற்சக்கரத்தைத் தொடவில்லை. ஆனாலும் கியர் விகிதம் மாறிவிட்டதற்கு இது சமம்.

இதை எடைக்கு மாற்றிப் பார்த்தால்தான் முழுமையாகப் புரியும். 2018 ஜூலையில் வெளியான அச்சு எடைத் திருத்தத்தின்படி மூன்று அச்சு வண்டியின் மொத்த எடை வரம்பு 28.5 டன். அந்த எடையுடன் குவாரிப் பள்ளத்திலிருந்து மேலேறும் வண்டி, டயர் பெரிதானபின், 30.4 டன் எடையை இழுப்பதுபோல் உழைக்கிறது. எடைமேடைச் சீட்டில் வராத 1.9 டன். ஓட்டுநர் வண்டி திணறுவதை உணர்ந்து, முதல் கியரில் கிளட்சைப் பாதி அழுத்தியபடியே ஏற்றுகிறார். பிளேட் கருகியது அங்கேதான். இறக்கத்தில் இன்னும் கவலைக்குரியது: கியரில் பிடித்து இறங்கும்போது எஞ்சின் தரும் தடையும் அதே அளவு குறைந்திருக்கும்.

அவர் பெற்ற பயனையும் சொல்ல வேண்டும். விட்டம் 70 மில்லிமீட்டர் கூடினாலும் அச்சு உயர்வது அதில் பாதி, 35 மில்லிமீட்டர் மட்டுமே. கட்டைவிரலின் அகலத்தைவிடச் சற்றே அதிகமான இந்த உயரத்துக்காக அவர் இரண்டு கிளட்ச் பிளேட்டுகளை இழந்தார்.

பெரிய டயர் தேவையே என்றால், பழைய விகிதத்தைப் புதிய விட்டத்தால் பெருக்கிப் பழைய விட்டத்தால் வகுக்க வேண்டும். 5.86 என்பது 6.25 ஆகிறது. இந்த எண்ணைத் துல்லியமாகத் தரும் பற்சக்கரம் கிடைப்பது அரிது. அந்த அச்சுக்கென்று தயாரிப்பாளர் வெளியிட்டுள்ள ஜோடிகளில் இருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும். 43/7 ஜோடி இருந்தால் விகிதம் 6.14. தேவைக்கு 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே விலகுகிறது, போதுமானது. 41/6 ஜோடியானால் 6.83, தேவைக்கு மேல் 9 விழுக்காடு.

எது நல்லது என்பதை வண்டியின் வேலைதான் தீர்மானிக்க வேண்டும். மேல் கியரில் நேராகச் சுற்றும் கியர்ப்பெட்டி உள்ள வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும்போது, பழைய டயரும் 41/7 பல்லும் இருந்தால் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,770 முறை சுற்றும். பெரிய டயரும் 43/7 பல்லும் என்றால் சுமார் 1,740. ஏறக்குறைய பழைய நிலைதான். 41/6 பூட்டினால் 1,940ஐ நெருங்கும். நாள் முழுதும் குவாரிக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு அது பொருந்தலாம். நாளில் பாதி வெளிவட்டச் சாலையில் ஓடும் வண்டியிலோ, இழுவையில் பெற்றதை டீசலில் இழக்க நேரிடும். 10.00இலிருந்து 11.00க்கு மட்டும் மாறினால் விட்டம் 3 விழுக்காடு அளவே கூடும்; அதற்காக கிரௌன் பினியனை மாற்றுவது, எங்கள் கருத்தில், வீண் செலவு.

டயர் அளவு மாறாமலே வேலைக்கேற்பப் பல்லை மாற்றிய பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ராணுவ ஜீப்பில் 39/8 பற்கள், விகிதம் 4.88. போர் முடிந்து அதே நிறுவனம் உழவர்களுக்கென வெளியிட்ட ஜீப்பில் 43/8, விகிதம் 5.38. இரண்டிலும் டயர் 6.00-16 தான். ஏர் இழுக்க வேண்டியிருந்ததால் பல்லை மாற்றினார்கள். கொழுக்குமலை போன்ற தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஜீப் ஓட்டும் நம்மவர்களுக்கு இந்தக் கணக்கு கைப்பழக்கத்தில் தெரியும்.

பல் மாற்றும்போது சிலவற்றில் சிக்கனம் கூடாது. கிரௌனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றலாகாது. பத்துச் சக்கர வண்டியில் பின்னால் இரண்டு அச்சுகளும் இயங்குமானால் இரண்டிலும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும். நான்கு சக்கர இயக்கமுள்ள ஜீப்பில் முன் அச்சிலும் பின் அச்சிலும் அவ்வாறே. இல்லாவிடில் ஓர் அச்சு மற்றதோடு மல்லுக்கட்டி, இரண்டும் விரைவில் பாழாகும். ஆகவே மதிப்பீட்டுச் சீட்டில் ஒரு ஜோடியின் விலை மட்டும் இருந்தால் அது பாதிச் செலவே. பேரிங்குகள், வண்டி பட்டறையில் நிற்கும் நாள்களின் வாடகை இழப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் டயர் அளவும் அச்சு விகிதமும் கணினியில் பதிவாகியிருப்பதால், அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் திருத்த வேண்டியும் வரும்.

வேகமானியின் நிலை சுவையானது. வேக உணரி கியர்ப்பெட்டியின் வெளிமுனையில் இருந்தால், டயர் மட்டும் பெரிதாகும்போது முள் 60 காட்டும். வண்டி 64இல் போகும். டம்பர் வகை வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் வரம்பே 60 என்பதை நினைவில் கொள்ளவும். கிரௌன் பினியனையும் சரியாக மாற்றிவிட்டால் இந்தப் பிழை தானே பெரும்பாலும் நேராகிவிடும். உணரி சக்கரத்தில் இருந்தால் அவ்வாறு ஆகாது.

பல் மாற்றினாலும் தீராத குறைகள் உண்டு. முதலாவது பிரேக். டிரம் அதே டிரம்; பெரிய டயரில் அதன் பிடி தரைக்குச் சேரும்போது 6 விழுக்காடு குறைந்தே சேரும். 10.00 டயருக்கு 7.5 அங்குல ரிம், 12.00க்கு 8.5 அங்குலம். பின்புற இரட்டைச் சக்கரங்களுக்கு இடையில் போதிய இடைவெளி இல்லையெனில் அவை உரசும், கல்லும் சிக்கும். வண்டி சற்று உயர்ந்தும் விட்டது. மேடு பள்ளமான இடத்தில் தொட்டியைத் தூக்கும் ஓட்டுநருக்கு அந்தச் சற்றும் முக்கியம்.

இனி எங்கள் துறைக்கு வருவோம். சரக்கு வாகனத்தின் பதிவுச் சான்றிதழில் ஒவ்வோர் அச்சுக்கும் டயரின் எண்ணிக்கையும் அளவும் குறிக்கப்பட்டிருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகப் பதிவு விவரங்கள் அமையும் வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடமளிக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் முதலில் பதிவுச் சான்றிதழையும் வண்டியையும் ஒப்பிடுவார். இழப்பீடு மறுக்கப்பட்டால் வண்டியும் இல்லை, பணமும் இல்லை, கடன் மட்டும் இருக்கும். கடன் தீரும்வரை வண்டி எங்களிடம் ஈடாக உள்ளது. எனவே மாற்றம் செய்யுமுன் கிளைக்கு எழுத்தில் தெரிவித்து இசைவு பெறவும். தயாரிப்பாளர் அதே மாதிரிக்குப் பெரிய டயரையும் வேறு அச்சு விகிதத்தையும் விருப்பத் தேர்வாக வழங்குகிறாரா என்று முதலில் கேளுங்கள். புது வண்டி வாங்குவோர் அந்தத் தேர்வைப் பதிவுக்கு முன்பே செய்துவிட்டால், மேலே சொன்ன சிக்கல்களில் பெரும்பாலானவை எழவே எழா.

பழைய வண்டி வாங்குவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளர் பல்லை மாற்றியிருக்கலாம். அச்சில் உள்ள தகட்டை மட்டும் நம்பாமல், பின் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, இரண்டையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றச் செய்து, ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டால் போதும். பத்து நிமிட வேலை.

எங்கள் வாடிக்கையாளரின் கதைக்கு வருவோம். இரண்டு அச்சுக்கும் பல் மாற்றக் கூடுதல் கடன் கேட்கலாமா என்று அவர் எண்ணியிருந்தார். மொத்தச் செலவையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். அவருக்குத் தேவைப்பட்டது உயரமல்ல, கற்பாதையில் வெட்டுப்படாத டயர் என்பது பேச்சினூடே தெரிந்தது. 10.00 அளவிலேயே குவாரி வேலைக்கென ஆழமான கட்டைகளுடன் வரும் டயர்களைப் பின் அச்சுகளுக்கு வாங்கினார். கூடுதல் கடன் தேவைப்படவில்லை. ஒரு தவணைக்கு மட்டும் அவகாசம் கொடுத்தோம். 12.00 டயர்களை வாங்க ஒருவர் வந்தபோது, அவருடைய வண்டியின் பதிவுச் சான்றிதழை முதலில் காட்டச் சொன்னாராம்.