பில் வருது... பில் வருது!

மார்கழி பிறந்ததும் ஸ்ரீரங்கத்தில் வந்து இறங்கும் அமெரிக்கவாசிகளுக்கு முக்கியமாக இரண்டு ஜோலி. ஒன்று, சொர்க்கவாசல். இன்னொன்று, கடைவாய்ப் பல்!

நம்பிக்கை இல்லையென்றால் வைகுண்ட ஏகாதசி சமயத்தில் தில்லைநகர் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். பல் டாக்டர் வாசலில் அரை டிராயரும் பேஸ்பால் தொப்பியுமாக நாலு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். ‘‘ரூட் கெனால் பண்ணி, கேப் போட்டு, ப்ளேன் டிக்கெட்டையும் சேர்த்தாக்கூட அங்கே ஆறதைவிட ஒண்ணும் பெரிசா ஆகலை சார்’’ என்பார்கள். ப்ளேன் டிக்கெட் விஷயத்தில் கொஞ்சம் கப்ஸா இருக்கலாம். பல் விஷயத்தில் இல்லை. அங்கே சாதாரண மெடிக்கல் இன்ஷூரன்சில் பெரியவர்களின் பல் சேர்த்தி இல்லை. மூக்குக் கண்ணாடியும் அநேகமாகக் கிடையாது. தனித்தனிப் பாலிசி எடுக்கவேண்டும். 65 வயசு தாண்டியவர்களுக்காக 1965-ல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்த மெடிகேர் திட்டத்தில்கூட வழக்கமான பல் வைத்தியம் இல்லை. 65 வயசுக்கு மேல் யாருக்குப் பல் இருக்கப் போகிறது என்று நினைத்தார்களோ என்னவோ!

பல்லாவது டிசம்பர்வரை பொறுக்கும். நெஞ்சு?

சித்திரை வீதி, உத்திர வீதியில் இன்று வீட்டுக்கு வீடு நியூஜெர்ஸி. பிள்ளையோ பெண்ணோ அங்கே இருக்க, வயசான அப்பா-அம்மா பருப்புப் பொடி, நார்த்தங்காய், ஆறு மாசத்துக்கு மாத்திரை, அந்த மாத்திரைக்கு டாக்டர் சீட்டு சகிதம் கிளம்பிப் போகிறார்கள். மாத்திரையை எண்ணி எடுத்துப்போகிற அந்த ஜாக்கிரதைக்குக் காரணம் இருக்கிறது. என் பெரியப்பாவைக் கேட்டால் தெரியும்.

பெரியப்பா, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 36 வருஷம் உழைத்து ரிடையரானவர். 2023 கடைசியில் பெண்ணைப் பார்க்க நியூஜெர்ஸி போனார். மூன்றாம் மாசம் ஒரு ராத்திரி அடை-அவியல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். இரண்டு மணிக்கு மார்பில் யாரோ உட்கார்ந்த மாதிரி ஓர் அழுத்தம். அக்கா பயந்துபோய் 911-ஐக் கூப்பிட்டுவிட்டாள். பத்து நிமிஷத்தில் வாசலில் ஆம்புலன்ஸ்.

‘‘ஆஸ்பத்திரி ரெண்டு மைல்தானேடி... மாப்பிள்ளை கார்லயே போயிடலாமே’’ என்று ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கேட்டிருக்கிறார். (ரயில்வேக்காரர் அல்லவா? கட்டணம் பற்றி ஓர் உள்ளுணர்வு!)

ஆஸ்பத்திரியில் ராஜ உபசாரம். ஈ.ஸி.ஜி., ரத்தம், ஸ்கேன், எக்கோ எல்லாம் ஒரே மூச்சில். ஒருவர்கூட ‘அட்வான்ஸ் கட்டியாச்சா?’ என்று கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம்வரை வைத்திருந்து, ‘இருதயம் திவ்யமாக இருக்கிறது, இது வாயுத் தொந்தரவு’ என்று அனுப்பிவிட்டார்கள். குற்றவாளி அடைதான்! பெரியப்பா எனக்குப் போன் பண்ணி, ‘‘காசே கேக்கலைடா! ராமராஜ்யம்னா இதுதான்’’ என்றார்.

ஒரு விதத்தில் அவர் சொன்னது வாஸ்தவம். 1986-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு யார் வந்தாலும், பணம் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்பதற்காகத் திருப்பி அனுப்பக்கூடாது. பரிசோதித்து, ஆபத்துக் கட்டத்தைத் தாண்டவைக்க வேண்டும். மெடிகேர் பணம் வாங்குகிற எல்லா ஆஸ்பத்திரிக்கும் இது பொருந்தும். அதாவது கிட்டத்தட்ட எல்லா ஆஸ்பத்திரிக்கும். நல்ல சட்டம். என்ன, சிகிச்சை இலவசம் என்று அதில் எங்கேயும் எழுதவில்லை!

பன்னிரண்டாம் நாள் முதல் கவர் வந்தது. ஆஸ்பத்திரி பில். அடுத்த வாரம் இன்னொன்று. எமர்ஜென்ஸி டாக்டர் தனியாம். அப்புறம் ஸ்கேன் படத்தைப் பார்த்துச் சொன்ன டாக்டர். அவர் முகத்தையே பெரியப்பா பார்த்ததில்லை! பிறகு ரத்தப் பரிசோதனை. கடைசியாக ஆம்புலன்ஸ். தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டாலே பெரியப்பா பாத்ரூமுக்குள் போய்விடுவாராம். எல்லாம் கூட்டிப் பார்த்தால் 27 ஆயிரம் டாலர் சொச்சம்.

இங்கிருந்து எடுத்துக்கொண்டு போன டிராவல் இன்ஷூரன்ஸ் இருந்தது. அக்கா எழுதினாள். பதில் வந்தது: ‘உங்கள் தகப்பனார் பத்து வருஷமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். எனவே இது ஏற்கெனவே இருந்த வியாதி. பணம் கிடையாது.’

வியாதியே இல்லை என்கிறது ஆஸ்பத்திரி. பழைய வியாதி என்கிறது கம்பெனி. இரண்டுக்கும் நடுவில் ஓர் அடை!

சிரிப்பாகச் சொல்கிறேனே ஒழிய, அன்றைக்கு வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா டாலரை 83-ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டார். 22 லட்சத்துச் சில்லறை. ரிடையரானபோது கைக்கு வந்த மொத்தப் பணமே அவ்வளவு இல்லை. ஒருநாள் நம்மூர் நேரம் நடுராத்திரி போன். குரலைத் தாழ்த்தி, ‘‘மேல உத்திர வீதி வீட்டுப் பத்திரம் பீரோல மூணாவது தட்டுல இருக்கு. எடுத்துப் பாத்து வை. உங்கக்காகிட்ட மூச்சு விடாதே’’ என்றார். மிச்சமிருந்த இரண்டு மாசத்தில் முழங்கால் வீங்கியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி ஒரு தரம் மார்பு வலித்ததைக்கூட. அதை ஊர் திரும்பிய பிறகுதான் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டாம் தரம் வந்தது நிஜ மாரடைப்பாக இருந்திருந்தால்?

அக்கா சும்மா விடவில்லை. ‘இன்ன இன்னதற்கு இவ்வளவு’ என்று அயிட்டம் வாரியாக பில் கேட்டாள். ஒரே ரத்தப் பரிசோதனை இரண்டு இடத்தில் ஏறியிருந்தது! லாப நோக்கமில்லாதது என்று வரிச்சலுகை பெறும் ஆஸ்பத்திரிகள், வசதி குறைந்தவர்களுக்கு உதவி செய்ய எழுத்துபூர்வமான ஏற்பாடு வைத்திருக்கவேண்டும் என்று 2010-ம் வருஷத்து ஒபாமா சட்டம் சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, பெரியப்பாவின் பென்ஷன் விவரத்தைக் காட்டி, போன் மேல் போன் போட்டாள். கடைசியில் எல்லாம் சேர்ந்து எட்டாயிரம் டாலருக்கு இறங்கி வந்து, மாசத் தவணையில் கட்டி முடித்தாள். 27 எப்படி 8 ஆகும்? அப்படியானால் 27 என்பது என்ன கணக்கு?

அங்கேதான் சூட்சுமம். நம் என்.எஸ்.பி. ரோடு ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் விலைச் சீட்டை மாற்றி ஒட்டுவதாகச் சந்தேகப்படுவோமே, அந்த மாதிரி. ஒவ்வோர் அமெரிக்க ஆஸ்பத்திரியிலும் பெரிய விலைப்பட்டியல் ஒன்று உண்டு. அதில் இருப்பது வானளாவிய விலை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கூட்டமாக வந்து ஆளுக்கு ஒரு ரேட் பேசி வைத்திருக்கும். ஒரே ஸ்கேனுக்கு ஒரு கம்பெனிக்கு ஒரு விலை, இன்னொன்றுக்கு வேறு விலை. எந்தக் கூட்டத்திலும் சேராத தனி ஆசாமி வந்தால், சீட்டில் ஒட்டின விலை! ஆகக் குறைந்த வசதி உள்ளவனுக்குத்தான் ஆகக் கூடின பில். 2021 ஜனவரி 1 முதல் இந்த ரேட்டுகளை ஆஸ்பத்திரிகள் பகிரங்கமாக வெளியிடவேண்டும் என்று விதி வந்தது. மார்பைப் பிடித்துக்கொண்டு போகிறவன் பட்டியலைப் படித்துக்கொண்டா இருப்பான்?

இன்ஷூரன்ஸ் உள்ளவர்களைத் திடீர் பில்லிலிருந்து காப்பாற்ற 2022 ஜனவரி 1 முதல் இன்னொரு சட்டம் அமலுக்கு வந்தது. அதில் ஹெலிகாப்டர் ஆம்புலன்சுக்குப் பாதுகாப்பு உண்டு. ரோட்டில் ஓடும் ஆம்புலன்சுக்கு இல்லை. சட்டம் எழுதியவர்கள் எப்போதும் பறந்தே போகிறவர்கள் போலிருக்கிறது.

இத்தனைக்கும் பணத்துக்குப் பஞ்சமா? 2023-ல் அமெரிக்கா வைத்தியத்துக்குச் செலவிட்டது 4.9 டிரில்லியன் டாலர். தலைக்கு 14,570 டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் 17.6 சதவிகிதம். இந்தப் பணம் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் வழியாகப் போகிறது. வேலை செய்கிற வயசுக்காரர்களுக்கு அந்த இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வழியாக வருகிறது. அதுவும் யாரும் திட்டம் போட்டு வந்ததில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், சம்பளத்தை ஏற்றக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். ஆள் கிடைக்காத முதலாளிகள் ‘சம்பளத்துக்குப் பதிலா ஆஸ்பத்திரிச் செலவைப் பாத்துக்கறோம்’ என்று ஆசை காட்டினார்கள். போர் முடிந்தது. பழக்கம் முடியவில்லை.

அதனால் வேலை போனால் வைத்தியமும் போகும். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு கலிபோர்னியாவில் ஒரு வெள்ளிக்கிழமை வேலை போயிற்று. மனைவி ஏழு மாசம். பழைய இன்ஷூரன்ஸை 18 மாசம்வரை தொடரலாம். ஆனால் முதலாளி கட்டிவந்த பங்கையும் நீயே கட்டு, மேலே இரண்டு சதவிகிதம் நிர்வாகச் செலவு என்றார்கள். சம்பளம் இல்லாதவனைப் பார்த்து! பையன் கட்டினான். பிரசவம் ஆனது. சேமிப்பும் ஆனது.

இன்சுலின் கதை இதைவிட விசேஷம். 1921-ல் கனடாவின் டொரோன்டோவில் கண்டுபிடித்தவர்கள், 1923-ல் அதன் பேடன்ட்டை ஆளுக்கு ஒரு டாலருக்கு யுனிவர்சிட்டியிடம் கொடுத்தார்கள். ஏழைக்கும் கிடைக்கட்டும் என்று. 1996-ல் ஒரு புதுவகை இன்சுலின் அமெரிக்காவில் குப்பி 21 டாலருக்கு வந்தது. இருபது வருஷத்தில் அதே குப்பி 275 டாலர்! பலர் அளவைக் குறைத்துப் போட்டுக்கொண்டார்கள். 2023-ல்தான் மெடிகேர்காரர்களுக்கு மாசம் 35 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது என்று கடிவாளம் விழுந்தது.

சரி, நம்மூர்?

பெரியப்பா ஊர் திரும்பியதும் முதல் வேலையாக பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போனார். ரிடையராகும்போது ஒரே தரம் பணம் கட்டி வாங்கின கார்டு. இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தார். எல்லாம் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். கவர் எதுவும் வீட்டுக்கு வரவில்லை.

ரயில்வே கார்டு இல்லாதவர்களுக்கு புத்தூர் பெரியாஸ்பத்திரி. (மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை என்று முழுப்பெயர் சொன்னால் ஆட்டோக்காரர் முழிப்பார். ‘ஜி.எச்.’ என்றால் போதும்.) அங்கே கொடுக்கும் மாத்திரைக்குப் பின்னால் ஒரு நல்ல நிர்வாகக் கதை உண்டு. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுக்க அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்தை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. கூட்டமாகப் போய் விலை பேசும் அதே தந்திரம்தான். ஆனால் இங்கே லாபம் நோயாளிக்கு! 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்சுக்கும் பில் கிடையாது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம்வரை உண்டு.

ஸ்ரீரங்கத்துக்கு இந்தச் சமாசாரம் புதிசும் இல்லை. கோயிலுக்குள் தன்வந்திரி சந்நிதி இருக்கிறதே, அங்கே ஒரு காலத்தில் ஆரோக்கியசாலையே நடந்தது. பாழ்பட்டிருந்த அதை 1493-ல் கருடவாகன பட்டர் புதுப்பித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது.

உடனே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். மாசம் பத்தாயிரத்துக்கு மேல் சம்பாதித்துவிட்டால் 1,20,000 வரம்பைத் தாண்டியாச்சு. ஜி.எச். பெஞ்சும் பிடிக்காது, பிரைவேட்டும் கட்டாது. நம்மில் முக்கால்வாசிப் பேர் இந்த நடு பெஞ்சுதான். 2021-22 கணக்குப்படி இந்தியாவில் மொத்த வைத்தியச் செலவில் 39.4 சதவிகிதம் ஜனங்கள் நேரடியாகத் தங்கள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. 2013-14-ல் இருந்த 64.2-க்கு இது எவ்வளவோ தேவலை. ஆனால் நாம் கேலி செய்கிற அமெரிக்காவில் இந்தப் பங்கு 10 சதவிகிதம்தான்! அங்கே பில் வந்தபிறகு மாரடைப்பு. இங்கே அட்வான்ஸ் கட்டும்போதே வளையல் அடகுக்கடைக்குப் போய்விடுகிறது.

ஆபீஸில் குரூப் பாலிசி இருக்கிறதே என்று தெம்பாக இருக்கும் இளைஞர்கள் பாலிசியில் ‘ரூம் வாடகை’ என்ற வரியை மட்டும் ஒரு தரம் படித்துவிடுங்கள். உங்கள் வரம்பு நாளுக்கு 5,000 என்று வையுங்கள். ‘அப்பாவுக்கு சவுகரியமா இருக்கட்டும்’ என்று 10,000 ரூபாய் ஏ.ஸி. ரூம் எடுத்தால், வித்தியாசமான ஐயாயிரத்தோடு போகாது. மருந்து, ஸ்டென்ட் மாதிரி சமாசாரங்கள் நீங்கலாக ஆபரேஷன் ஃபீஸ், டாக்டர் ஃபீஸ் எல்லாவற்றிலும் பாதியை வெட்டுவார்கள். ரூம் இரட்டை, ஆகவே எல்லாம் இரட்டை என்பது அவர்கள் கணக்கு. டிஸ்சார்ஜ் கவுன்ட்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயமில்லை இது.

2024-ல் விதிகள் கொஞ்சம் நம் பக்கம் சாய்ந்திருக்கின்றன. பணமில்லாச் சிகிச்சைக்கு அனுமதி கேட்டால் கம்பெனி ஒரு மணி நேரத்துக்குள் சொல்லவேண்டும். டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரம். பழைய வியாதிக்குக் காத்திருக்கும் காலம் அதிகபட்சம் மூன்று வருஷம். ஐந்து வருஷம் விடாமல் பிரிமியம் கட்டியிருந்தால், மோசடி என்று நிரூபித்தாலொழிய ‘நீ அன்னிக்குச் சொல்லலையே’ என்று தள்ள முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. முன்பு நூற்றுக்குப் பதினெட்டு அழுதோம்.

அப்படியும் கம்பெனி கையை விரித்தால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாசம் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் சென்னையில் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் இருக்கிறார். 50 லட்சம்வரை விசாரிப்பார். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருஷத்துக்குள் போகவேண்டும். பாலிசி, டிஸ்சார்ஜ் சீட்டு, பில், மறுப்புக் கடிதம் நாலையும் ஒரே பைலில் வையுங்கள். பெரியப்பா வீட்டில் அந்த பைல் இப்போது பீரோவில் மூன்றாவது தட்டில், வீட்டுப் பத்திரத்துக்கு மேலேயே இருக்கிறது.