வக்காலத்து ஓர் அமானிதம்: வக்கீல் ஏமாற்றினால் எங்கே முறையிடுவது?

"கேஸ் நடந்துகொண்டிருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்கிறார் வக்கீல். ஓராண்டு கழித்து விசாரித்தால், வழக்கே தாக்கல் ஆகவில்லை! தாம்பரம், பல்லாவரம் பகுதிகளில் வீட்டுமனை, ஜீவனாம்சம் என்று நீதிமன்றப் படியேறும் நம் குடும்பங்களுக்கு இப்படி நேர்ந்தால் என்ன செய்வது?

வக்கீல், வக்காலத்து இரண்டுமே அரபுச் சொற்கள். ஃபிக்ஹு சட்டப்படி வகீல் ஓர் அமீன். அவரிடம் உள்ள பணமும் பத்திரமும் அமானிதம். நாட்டின் சட்டமும் இதையே வேறு சொற்களில் சொல்கிறது.

தமிழகத்தின் ரங்கதுரை வழக்கு இதற்குச் சான்று. காது கேளாத முதியவர் ஒருவர் புரோநோட்டுக் கடனை வசூலிக்க வழக்கறிஞரை நம்பினார். வழக்குப் போட்டுவிட்டதாகப் பொய் சொல்லப்பட்டது, காலக்கெடுவும் கடந்தது. மாநில பார் கவுன்சில் 6 ஆண்டுகள் இடைநீக்கம் செய்தது. இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது. 1978-இல் உச்ச நீதிமன்றம், இடைநீக்கத்துடன் பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுக்கவும், ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி செய்யவும் உத்தரவிட்டது.

வழக்கறிஞர்கள் சட்டம், 1961-இன் 35-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் எழுத்து மூலம் புகார் தரவேண்டும். முகாந்திரம் இருந்தால் மூவர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். கண்டிப்பு, இடைநீக்கம், பெயர் நீக்கம் ஆகியவையே தண்டனைகள். இடைநீக்கக் காலத்தில் அவர் இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் வாதாட முடியாது. ஓராண்டுக்குள் விசாரணை முடியாவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். தீர்ப்பில் குறை கண்டவர் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

நுகர்வோர் நீதிமன்றம் செல்ல முடியாது என 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைத் தர மறுப்பதும் தவறு என்பது அதே நீதிமன்றத்தின் 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

எனவே பணத்துக்கு ரசீது வாங்குங்கள். வழக்கு எண்ணைக் கேட்டு, இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். மூலப் பத்திரத்தைக் கொடுத்தால் எழுதி வாங்குங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. இது சந்தேகமல்ல, ஒழுங்கு.

ஒன்றை மறக்கவேண்டாம். வழக்குத் தோற்றது மட்டுமே வக்கீலின் குற்றமாகாது. தோல்வியின் கோபத்தில் பொய்ப் புகார் தருவது, ஒரு மனிதரின் மானத்தையும் ரிஸ்கையும் பறிக்கும் பாவம். அநீதி இழைக்கப்பட்டால் மௌனம் வேண்டாம். அநீதி இழைப்பவர்களாகவும் நாம் ஆகவேண்டாம்.