ஐந்தடிகூட இல்லாத ஆசிரியை

மணிக்கட்டை ஒருவன் இறுக்கிப் பிடித்துவிட்டால், கையை வெடுக்கென்று பின்னால் இழுக்கத்தான் தோன்றும். அப்படி இழுத்தால் அவனுடைய நான்கு விரல்களோடு மல்லுக்கட்ட வேண்டும். பிடியின் வாய், கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. மணிக்கட்டைச் சற்றே திருப்பி அந்த வாய் வழியாக உருவினால், ஒரே ஒரு விரலை வென்றால் போதும். நூறு வருடங்களுக்கு முன்பே லண்டன் பெண்களுக்கு இப்படிப்பட்ட வித்தைகளைக் கற்றுக்கொடுத்தவர் எடித் கேரூட். பிறந்தது 1872-ல். உயரம் 4 அடி 11 அங்குலம்.

அவர் கற்றது ஜப்பானின் தற்காப்புக் கலையான ஜுஜுட்சு. லண்டனின் சோஹோ பகுதியில் உயேனிஷி என்ற ஜப்பானிய ஆசான் நடத்திய பள்ளியில் கணவர் வில்லியமும் அவரும் பயின்றார்கள். ஆசான் இங்கிலாந்தை விட்டுப் போனதும், 1908-ல் பள்ளி இவர்கள் கைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள் வகுப்பு எடித்தின் பொறுப்பு.

குள்ளமான பெண் தடியனை எப்படி வீழ்த்துவது? அவனைப் பலத்தால் தூக்க வேண்டியதில்லை. நிற்பவரின் ஈர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அங்கிருந்து நேர்கீழாக இறங்கும் கோடு பாதங்களுக்கு நடுவே விழும்வரைதான் நிற்க முடியும். பாய்ந்து வருபவன் அந்தக் கோட்டைத் தானாகவே முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறான். அவனை எதிர்க்காமல், சட்டையைப் பிடித்து அவன் வரும் திசையிலேயே இழுத்து, சட்டென்று முதுகைத் திருப்பி, இடுப்பை அவன் இடுப்புக்குக் கீழே கொடுத்தால் அதுவே நெம்புகோலின் ஊன்றுபுள்ளி. குள்ளமானவருக்கு இடுப்பு ஏற்கெனவே தாழ்ந்திருக்கிறது. அந்த உடலுக்கென்றே அமைந்த வித்தை இது.

தேவையும் வந்தது. 1910 நவம்பர் 18 அன்று, வாக்குரிமை கேட்டு நாடாளுமன்றம் நோக்கிச் சென்ற ஏறத்தாழ 300 பெண்களைப் போலீஸார் மணிக்கணக்கில் அடித்தார்கள், மார்பைத் திருகினார்கள். 1913-ல் வந்த சட்டம் இன்னும் கொடியது. சிறையில் உண்ணாவிரதம் இருந்து துவண்டவர்களை வெளியே விட்டு, உடல் தேறியதும் மறுபடி பிடித்துப் போடும் சட்டம். வாக்குரிமைப் போராட்டத் தலைவி எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட்டை அதிலிருந்து காக்க, 30 பேர் அளவில் பெண்களே ஒரு மெய்க்காவல் படை அமைத்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி தந்தவர் எடித். போலீஸ் கண்ணில் படாதிருக்க, பயிற்சியிடம் மாறிக்கொண்டே இருந்தது. படையினர் உடைக்குள் மறைத்து வைத்த ஆயுதம் நமக்குப் பழக்கமானதுதான்: இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன கர்லாக்கட்டை!

1914 மார்ச்சில் எம்மலின் பேசவந்த கிளாஸ்கோ கூட்டத்தில் மேடை ஓரத்துப் பூ அலங்காரத்துக்குள் முள்கம்பியை ஒளித்துவைத்துக் காத்திருந்தார்கள். மேடையேறிய போலீஸார் கை கிழிந்து திணறினாலும், எம்மலினைக் கைது செய்துதான் போனார்கள். ஆனால் பத்திரிகைகள் ‘பலவீனமானவர்கள்’ என்று எழுதிவந்த பெண்கள் போலீஸோடு நேருக்கு நேர் மோதியதை ஆயிரக்கணக்கானோர் கண்ணால் பார்த்தார்கள்.

எடித்தே முதுமையில் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. கடைவீதியில் கண்ணாடிகளை உடைத்துவிட்டுச் சில பெண்கள் அவருடைய பயிற்சிக்கூடத்துக்கு ஓடிவந்தார்கள். கற்களும் சுத்தியல்களும் பாய்க்கு அடியில், தரைப்பலகைக்குக் கீழே போயின. போலீஸ் கதவைத் தட்டியபோது, பயிற்சி உடைக்கு மாறிய பெண்கள் அதே பாயின் மேல் ஒருவரையொருவர் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.